வாயில்லாத பெட்டியும் ஆறு வருஷத்து வெள்ளாமையும்

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். என்னிடம் முப்பத்தோரு வீடியோ கேம் டிஸ்க்குகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஆசை ஆசையாக வாங்கியது. அத்தனையையும் சணல் கயிற்றில் கோத்து, வடக்கனந்தலில் என் மாமனாரின் மக்காச்சோளக் கொல்லையில் கிளி விரட்டுவதற்காகக் கட்டித் தொங்கவிட்டவன் நான். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. குடித்திருக்கவும் இல்லை. காலை பத்து மணி, நல்ல வெயில், தெளிந்த புத்தி.

"பழைய சி.டி. இருந்தா குடுங்க மாப்ள, கிளி ஜாஸ்தியாப் பூடுச்சு" என்றுதான் மாமனார் கேட்டிருந்தார். மற்ற மருமகன்கள் என்றால் கல்யாண சி.டி.யைக் கொடுத்திருப்பார்கள். நான் பெரிய மனசுக்காரன். கார் பந்தயம், கால்பந்து, வாள் சண்டை என்று சோளத்தட்டைக்கு மேலே ஒவ்வொன்றாகக் கட்டினேன். காற்றில் சுழன்று பளபளவென்று மின்னின. மாமனாருக்கே கொஞ்சம் உறுத்திவிட்டது.

"புதுசு மாதிரி இருக்குதே மாப்ள, வூட்டுக்கு வாணாமா?"

"வாணாம் மாமா. இப்ப டிஸ்க்கெல்லாம் யாரும் வெச்சிக்கறதில்ல. நெட்டுல மறுபடி வாங்கினது அத்தினியும் மேல இருக்குது" என்று வானத்தைக் காட்டினேன்.

அவரும் அண்ணாந்து பார்த்தார். "மழையும் அங்கதான் இருக்குது மாப்ள. எறங்க மாட்டேங்குது" என்றார்.

அன்றைக்கு அதைக் கேட்டுச் சிரித்தேன். இப்போது சிரிப்பு வருவதில்லை.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால் என் தொழில். கள்ளக்குறிச்சியில் பத்திரப் பதிவு ஆபீசுக்கு எதிரே உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறேன். "சர்வ சுதந்திர பாத்தியத்துடன் தாங்களே புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று ஒரு நாளைக்கு நாலு தடவையாவது டைப் அடிக்கிற விரல் இது. சொத்து யார் பேரில், வில்லங்கம் உண்டா, அனுபவத்தில் இருப்பது யார் என்று மூன்று கேள்வி கேட்காமல் பேனா மூடியைத் திறக்க மாட்டேன். வருகிறவர்களிடம் "படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்று தொண்டை வறளச் சொல்வேன். ஒருத்தரும் படிக்க மாட்டார்கள். அவர்களை உள்ளுக்குள் ஏளனம் செய்துகொள்வேன். அதே நான், கேம் வாங்கும்போது டி.வி.யில் மாட்டிய கேம் பெட்டி எட்டு முழத்துக்கு ஒரு ஒப்பந்தத்தைக் காட்டினால், பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு அடிவரை வழுக்கிப் போய், சம்மதம் என்ற இடத்தில் ஒரு தட்டுத் தட்டுவேன். சம்மதம் சொல்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

என் கேம் என்றால் இந்தக் கதைக்கே அவசியம் இருந்திருக்காது. கார் போனால் போகட்டும், வாள் போனால் போகட்டும். போகக் கிடந்தது என் மனைவியின் நிலம்.

அவள் வடக்கனந்தல்காரி. விவசாயக் குடும்பம். அப்பாவின் சொத்தைப் பிரித்தபோது, தம்பிகள் இரண்டு பேரும் அங்கேயே பிழைக்க வேண்டும் என்று தன் பங்கை விட்டுக்கொடுத்தாள். விடுதலைப் பத்திரம். எழுதியது யார்? வேறு யார். "மேற்படி சொத்தில் இனி எனக்கு யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் கிடையாது" என்று ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் அடித்துக் கொடுத்தேன். "படிச்சுப் பாரு" என்றேன், தொழில் பழக்கத்தில். "நீங்க எழுதினதுதானே, இதுல படிக்க இன்னா இருக்குது?" என்று சொல்லி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, வழியில் வெண்டைக்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அடுத்த வருஷம் ஒரு சாயங்காலம், நான் வாங்கிப் போட்டுப் பிடிக்காமல் விட்ட ஒரு விவசாய கேமை எடுத்து விளையாட ஆரம்பித்தாள். மருந்துக் கடை வேலை முடிந்து வருவாள், சோறு வடிப்பாள், ஏழிலிருந்து எட்டு மணி வரை அவளுடைய வெள்ளாமை. நான் சும்மா இருப்பேனா? "உர மூட்டை எறக்கவா?", "பம்பு செட்டுக்கு கரண்ட் வந்துருச்சா?" என்று இரண்டு வருஷம் கிண்டலடித்தேன். அவள் காதில் வாங்கவில்லை. பூசணி போட்டாள், சோளம் போட்டாள், நாலு மாடு வாங்கினாள், வேலி கட்டினாள்.

மூன்றாவது வருஷம்தான் எனக்கு உறைத்தது. வடகிழக்கு மூலையில் கிணறு. தெற்கே வண்டிப்பாதை. மேற்கே வேலி, வேலியோரம் ஒரே ஒரு மரம். அந்த கேமில் புளியமரம் கிடையாது. ஏதோ வெளிநாட்டு மரத்தை நட்டிருந்தாள். இந்த நான்கெல்லையை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தேன். பார்க்கவில்லை, டைப் அடித்திருக்கிறேன். விடுதலைப் பத்திரத்தின் சொத்து விவரத்தில், என் கையால். அதற்குப் பிறகு உர மூட்டையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

ஆறு வருஷம் ஓடிவிட்டது. போன மாதம் மாமியாருக்குக் கண்ணில் புரை ஆபரேஷன். பத்து நாள் கூட இருந்து பார்த்துக்கொள்ள அவள் வடக்கனந்தல் போனாள். ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் பேச்சு. தனியாக இருக்கிற ஆம்பளை புத்தியை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான் என்பதற்கு நான் சாட்சி. பழைய கேம் பெட்டி சூடாகி, அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதெல்லாம் விமானம் மாதிரி இரைந்துகொண்டிருந்தது. அவள் வருவதற்குள் புதுசு வாங்கி வைத்து அசத்தலாம் என்று தோன்றியது.

உளுந்தூர்பேட்டையில் ஒரு கடையில் பழசைக் கொடுத்துவிட்டுப் புதுசு எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். புதுப் பெட்டி நோட்டுப் புத்தகம் மாதிரி ஒல்லியாக இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். டிஸ்க் போட வாயே இல்லை.

"இப்ப வர்றதெல்லாம் இப்பிடித்தாங்க சார். உங்க கேமெல்லாம் அக்கவுண்ட்ல இருக்குதுங்களா?" என்றார் கடைக்காரர்.

"எல்லாம் மேல இருக்குது" என்றேன். அந்தக் கடையில் வானம் தெரியவில்லை, ஃபேனைக் காட்டினேன்.

"அப்ப பழச அழிச்சுரலாங்களா?"

"அழிங்க" என்றேன், மந்திரி கோப்பில் கையெழுத்துப் போடுகிற மாதிரி.

வீட்டுக்கு வந்து மாட்டினேன். பாஸ்வேர்டு போட்டேன், ஏற்றுக்கொண்டது. அப்புறம் திரையில் ஒரு வரி வந்தது. இது புதிய கருவியாம், பாதுகாப்புக்காக, நாற்பத்தேழில் முடியும் எண்ணுக்கு ஆறு இலக்க ஓ.டி.பி. அனுப்பியிருக்கிறார்களாம், பத்து நிமிஷத்துக்குள் போட வேண்டுமாம். போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். மூன்று நிமிஷம் கழித்துத்தான் என் எண் பன்னிரண்டில் முடிகிறது என்பது ஞாபகம் வந்தது.

நாற்பத்தேழு யார் என்பது எனக்குத் தெரியும்.

கடைவீதியில் ஒரு பாய் கேம் டிஸ்க் கடை வைத்திருந்தார். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு ஈ-மெயில் முதல் கேம் அக்கவுண்ட் வரை திறந்து கொடுத்தது அவர்தான். பேர் நம்முடையது, கை அவருடையது. டிஸ்க் வியாபாரம் படுத்த பிறகு, அதே கடையில் இப்போது ஸ்கூல் பையும் குடையும் விற்கிறார். ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

"பாய், நாப்பத்தேழுல முடியற நம்பரு உங்களுதுதானே?"

"இருந்துச்சு" என்றார், ஒரு குடையை விரித்துச் சரிபார்த்தபடி.

"இருந்துச்சுன்னா?"

"கடையே பூடுச்சு, கடை நம்பரு இன்னாத்துக்கு? ரீசார்ஜ் பண்ணல. கம்பெனிக்காரன் புடுங்கி வேற யாருக்காச்சும் குடுத்துருப்பான்."

"என் அக்கவுண்ட் அதுல இருக்குது பாய்!"

"உன்னுது மட்டுமா? ஊர்ல பாதி அதுலதான் இருந்துச்சு. ஏன் இருந்துச்சுன்னு யோசிச்சுப் பாரு. 'கேம் வாங்கறப்பல்லாம் என் போனுக்கு மெசேஜ் வந்தா வூட்ல கேப்பாங்க பாய், உங்க நம்பரையே போட்டுருங்க'ன்னு இதே எடத்துல நின்னுக்கினு சொன்னது யாரு? நானா?"

நான்தான். சொன்ன நாள், போட்டிருந்த சட்டை, எல்லாம் ஞாபகம் வந்தது. மனைவிக்குத் தெரியாமல் வாங்குவதற்காக நான் செய்த தந்திரம், மனைவியின் நிலத்தை யார் பேரிலோ எழுதி வைத்திருக்கிறது.

பாய் இரக்கப்பட்டாரோ என்னவோ, அலமாரியின் மேல்தட்டிலிருந்து பழைய கேம் டப்பா ஒன்றை எடுத்துத் திறந்து காட்டினார். உள்ளே டிஸ்க் இல்லை. ஒரு சீட்டு, அதில் ஒரு நீளமான நம்பர். "கடசீ சரக்கு. டப்பா வரும், உள்ள இதான் இருக்கும். இத்தப் பாத்த அன்னிக்கே ஷட்டர எறக்கிட்டேன். வெறும் டப்பாவ விக்கறதுக்குப் பை விக்கலாம். பையாவது உள்ள காலியா இருக்குதுன்னு தெரிஞ்சு வாங்கறாங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து கம்பெனியோடு எழுத்தில் பேசினேன். அந்தப் பக்கம் இருந்தது ஆளா எந்திரமா என்று கடைசிவரை தெரியவில்லை, மரியாதை மட்டும் ஜாஸ்தி. எண் இல்லாமல் திறக்க முடியாது என்றது. அந்த விவசாய கேமையாவது புதிதாக வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அது இப்போது விற்பனையில் இல்லை, ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் மட்டும் இறக்கிக்கொள்ளலாம் என்றது. நான்தான் ஏற்கெனவே வைத்திருப்பவன் என்றேன். எண் இல்லாமல் அதை உறுதி செய்ய முடியாது என்றது. நான் காசு கொடுத்து வாங்கியது என்று பெரிய எழுத்தில் அடித்தேன். தாங்கள் வாங்கியது பயன்படுத்துவதற்கான அனுமதி, விவரம் தாங்கள் சம்மதித்த ஒப்பந்தத்தில் இருக்கிறது, இந்த நாள் இனிய நாளாகட்டும் என்று முடித்துக்கொண்டது.

அன்றைக்குத்தான் அந்த ஒப்பந்தத்தை முதல் வரியிலிருந்து படித்தேன். என் மேஜையில், கண்ணாடி போட்டுக்கொண்டு, கட்சிக்காரர் கொண்டுவந்த பத்திரத்தைப் படிக்கிற மாதிரி. விற்க முடியாது. யாருக்கும் கொடுக்க முடியாது. பிள்ளைக்கு விட்டுப்போக முடியாது. அவர்கள் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். குத்தகை என்றால்கூடக் காலக்கெடு இருக்கும். இது கல்யாண மண்டபத்து நாற்காலி. எழுந்திரு என்று சொல்கிற வரை உட்காரலாம். இப்படி ஒரு பத்திரத்தை யாராவது என்னிடம் கொண்டுவந்திருந்தால், எந்த முட்டாள் இதில் கையெழுத்துப் போட்டான் என்று கேட்டிருப்பேன். எட்டு வருஷத்தில் அந்த முட்டாள் எத்தனை தடவை போட்டான் என்பதற்குக் கணக்கே இல்லை.

அன்று புதன். சாயங்காலம் மனைவி போன் செய்தாள்.

"அம்மாவுக்குக் கட்டு பிரிச்சாச்சு. நல்லா தெரியுதாம். நான் இல்லாம பூசணி அழுகிப் பூடும், ஒரு தடவ பாத்து அறுத்து வையுங்க."

"வெக்கிறேன்" என்றேன்.

வியாழக்கிழமை நாற்பத்தேழுக்கே போன் போட்டேன். எங்கேயோ காற்று வீசுகிற சத்தம். ஒரு பெண்குரல்.

"மரவள்ளி வண்டியா? இன்னிக்கு இல்ல. சனிக்கெழம வா. கரியாலூர் தாண்டி ரேஷன் கடைக்கு எதுர்ல, களத்துல கெடக்குது."

"இல்லீங்க, நான் மரவள்ளி வாங்கறவன் இல்ல. உங்க போனுக்கு இப்ப ஆறு நம்பரு வரும், அத மட்டும் எனக்குச் சொன்னீங்கன்னா..."

வைத்துவிட்டாள். மறுபடி போட்டேன், போகவில்லை. என் எண்ணையே தடுத்துவிட்டாள். ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதே என்று நாடு முழுக்க இத்தனை வருஷம் டி.வி.யிலும் ரேடியோவிலும் கத்திக் கத்திச் சொன்னது ஒரே ஒருத்தர் காதில் ஒழுங்காக ஏறியிருக்கிறது. அவர் என் விஷயத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

ஆனால் இடம் தெரிந்துவிட்டது. எங்கெங்கோ போயிருக்கக்கூடிய எண், கல்வராயன் மலைக்குப் போயிருக்கிறது. சனிக்கிழமை காலையில் பைக்கை எடுத்தேன்.

மலைக்குப் போகிற வழியில் வடக்கனந்தல் இருப்பதுதான் சிக்கல். வாழ்க்கையில் முதல் தடவையாக ஹெல்மெட்டின் கண்ணாடியை முழுசாக இறக்கிவிட்டுக்கொண்டேன். மாமனாரின் கொல்லை ரோட்டை ஒட்டியே வரும். தூரத்திலேயே என் முப்பத்தோரு டிஸ்க்கும் வெயிலில் கண்ணடித்தன. வேகத்தைக் கூட்டினேன்.

"மாமா! மாமோவ்!"

பெரிய மச்சான். வரப்பிலிருந்து ஓடி வந்தான். ஹெல்மெட்டுக்குள் இருப்பவன் யார் என்று தெரியாவிட்டாலும் நம்பர் பிளேட் ஒடிந்த பைக்கைத் தெரியாதவர்கள் அந்த வட்டாரத்தில் இல்லை.

"இன்னா மாமா, வூட்டாண்ட வராம மேல போய்க்கினு இருக்கீங்க?"

"மலையில ஒரு பத்திர வேல. அவசரம்."

"அக்கா இருக்குது, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க."

"திரும்பி வரப்ப வரேன். நான் போனத அக்காகிட்ட சொல்லாத."

"ஏன் மாமா?"

"சும்மா... திடீர்னு வந்து நிக்கலாம்னு."

அவன் நம்பவில்லை. ஆனால் மரியாதைக்குப் பேச்சை மாற்றினான். "உங்க சி.டி. முதல்ல சூப்பரா வேல செஞ்சுது மாமா. இப்ப கிளிக்குப் பழகிப்பூடுச்சு. அதும் மேலயே ஒக்காந்து சோளம் துண்ணுது."

கோமுகி அணையைத் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் போனில் சிக்னல் ஒவ்வொரு கோடாக இறங்கியது. ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தி எடுத்துப் பார்த்தேன், ஏதோ நோயாளிக்கு நாடி பார்க்கிற மாதிரி. கரியாலூர் தாண்டினேன். ரேஷன் கடை இருந்தது. எதிரே களத்தில் மரவள்ளிக் கிழங்கு குவிந்து கிடந்தது. நாலைந்து பெண்கள் மண்ணைத் தட்டி மூட்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் நின்று எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்த அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஜாக்கெட்டுக்குள்ளிருந்து போனின் தலை தெரிந்தது.

ஹெல்மெட்டைக் கழற்றி, "வணக்கங்க. வியாழக்கெழம போன்ல..." என்று ஆரம்பித்தேன். குரலை வைத்தே பிடித்துவிட்டாள்.

"ஏய், இங்க வாங்கடி! ஆறு நம்பரு கேட்டவன் நேர்லயே வந்துட்டான்!" மூட்டைகள் அப்படியே நின்றன. என்னைச் சுற்றி ஒரு வட்டம் கூடிவிட்டது. "எல்லாவனும் போன்லதான் ஏமாத்துவான். வண்டியில எண்ண ஊத்தி மலையேறி வந்து ஏமாத்தறவன இன்னிக்குத்தான் பாக்கறேன். ஒக்காரு, தண்ணி குடிக்கிறியா?"

மலையில் வாங்க போங்க கம்மி. ஆனால் தண்ணீர் உடனே வந்தது. குடித்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பாய், கடை, நாற்பத்தேழு.

"இது என் நம்பரு. ஆதார் காட்டி வாங்கினது" என்றாள்.

"தெரியுங்க. முன்னாடி அவரோடதா இருந்துச்சு. என் வூட்டுக்காரம்மாவோட நெலம் ஒண்ணு அதுல மாட்டிக்கிச்சு."

"நெலமா? எங்க இருக்குது?"

"டி.வி.க்குள்ளங்க."

வட்டம் முழுக்கச் சிரித்தது. ரேஷன் கடையிலிருந்து வந்து நின்ற ஒரு கிழவர் தலையில் அடித்துக்கொண்டார். வெட்கத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த கேமை டி.வி.யில் எப்போதோ பிடித்த படம் ஒன்றை என் போனில் காட்டினேன். அந்த அம்மா வாங்கி, வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி நின்று, ரொம்ப நேரம் பார்த்தாள்.

"பூசணி நல்லாத்தான் வெச்சிருக்குது. மேக்கால ஒத்த மரத்த ஏன் உட்டுச்சு? நெழலு வுழுந்து வெளச்சல் கொறையுமே."

"அது... அவங்க அப்பா கொல்லையில அப்பிடி ஒரு மரம் இருக்குதுங்க."

அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். "பேரு யாரு பேர்ல இருக்குது?" என்றாள்.

நான் எல்லாரிடமும் கேட்கிற கேள்வி. என்னிடம் யாரும் கேட்டதில்லை. "எந்த நம்பரு இருக்குதோ அவங்க பேர்ல இருக்கற மாதிரிதாங்க."

"நம்பரு என்னுது. அப்ப அது என் நெலம்னு சொல்லு."

கூட்டம் ஆர்ப்பரித்தது. சட்டப்படி யோசித்தால் அவள் சொன்னதை மறுக்க என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. "நான் ஒழுவற நெலத்துக்கே இன்னும் பட்டா வரல. டி.வி.யில ஒண்ணு வந்துருச்சு பாருடி!" என்று பக்கத்தில் இருந்தவளின் தோளில் தட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "பத்திரம் எழுதறவன்னு சொன்னல்ல? பட்டாவுக்கு ஒரு மனு எழுதிக் குடு. மத்தத அப்பறம் பாப்போம்" என்றாள்.

பைக் பெட்டியில் எப்போதும் வெள்ளைத் தாள் இருக்கும். மரவள்ளி மூட்டை மேல் அட்டையை வைத்து எழுதினேன். எத்தனை வருஷமாக உழுகிறாள், நான்கெல்லை என்ன, யார் யாருக்குத் தெரியும் என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். கிழக்கே ஓடை, வடக்கே பாறை. கை பழகிய வேலை, அவசரத்தில் அரை மணியில் முடித்தேன். பேனாவை நீட்டி, "இங்க கையெழுத்துங்க" என்றேன்.

"படி."

"எல்லாம் நீங்க சொன்னதுதாங்க."

"நான் சொன்னத நீ எப்பிடி எழுதினன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? முழுசா படி. கண்ணாடி வூட்ல இருக்குது. படிக்காத காயிதத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

படித்தேன். ஓர் இடத்தில் ஓடையைத் தெற்கே என்று போட்டிருந்தேன். பிடித்துவிட்டாள். திருத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து படிக்க வைத்தாள். அதற்குப் பிறகுதான் கையெழுத்து.

ரேஷன் கடைக்குப் பின்னால் ஒரு பாறை. அதன் மேல் ஏறினால்தான் சிக்னல். அவளும் நானும் ஏறினோம், வட்டமும் கூடவே ஏறியது. ஓ.டி.பி. அனுப்பச் சொல்லி என் போனில் தட்டினேன். பத்து நிமிஷம் ஓட ஆரம்பித்தது. அவள் போன் மௌனமாக இருந்தது. மூன்று நிமிஷம். ஐந்து. கிழவர் போனை வாங்கித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். ஏழாவது நிமிஷம் டிங் என்றது.

"சொல்லுங்க" என்றேன்.

"சொல்ல மாட்டேன்."

"ஐயோ, மனு எழுதிக் குடுத்தேனேங்க!"

"யாருக்கும் சொல்லாதேன்னு இதுலயே போட்டிருக்குது. மனுவுக்காக அத மீறுவாங்களா? உன் போன இங்க குடு. நானே போடறேன்."

தன் போனை என் கண்ணில் படாமல் உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் ஒவ்வொரு எண்ணாகக் குத்தினாள். மூன்றாவது எண்ணுக்கும் நான்காவதுக்கும் நடுவில் யாரோ கூப்பிட, திரும்பி அவர்களோடு பேசினாள். நான் பாறையைப் பிடித்துக்கொண்டேன். ஆறாவது எண். திரை சுற்றியது, சுற்றியது, திறந்தது.

பட்டியல் வந்தது. என் கார்கள், என் வாள்கள், கீழே அந்த விவசாய கேம்.

"இப்பவே வேற நம்பரு மாத்திக்கோ. இன்னொரு தடவ இதுக்குன்னு ஏறி வந்தீன்னா நாய அவுத்து வுட்ருவேன்" என்றாள். சொல்லிவிட்டு, லாரி ஹாரன் கேட்டதும், கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். உண்மையிலேயே மரவள்ளி வாங்குகிறவர்கள் வந்துவிட்டார்கள்.

பாறை மேல் நானும் ஒரு கோடு சிக்னலும். புதிய எண் என்ற கட்டத்தில் என் எண்ணை அடிக்க ஆரம்பித்து, நாலு இலக்கத்தில் விரல் நின்றது. அனுபவத்தில் இருப்பது யார்? ஆறு வருஷமாக உழுதது யார், வேலி கட்டியது யார்? அடித்ததை அழித்துவிட்டு என் மனைவியின் எண்ணைப் போட்டேன். பெருந்தன்மை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த திரையில்தான் எனக்குப் புரிந்தது. புதிய எண்ணுக்கும் ஓ.டி.பி. போகுமாம். பத்து நிமிஷமாம். அதற்குள் போடாவிட்டால் பழைய நாற்பத்தேழே தொடருமாம். கீழே ஒரு நாய் குரைத்தது.

போன் போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"இன்னாங்க, பைக்ல மேல போறீங்கன்னு தம்பி சொன்னான்?"

மச்சான்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான். ஒளிக்க நேரம் இல்லை. மூச்சு விடாமல் கொட்டினேன். பழைய பெட்டியைக் கொடுத்தது, வாயில்லாத புதுப் பெட்டி, பாய் நம்பரைப் போட்டது, ஏன் போட்டேன் என்பது, உன் பூசணி, உன் கிணறு, உன் மேற்கால மரம், புதன்கிழமை அறுத்து வைக்கிறேன் என்று சொன்ன பொய், மனு, பாறை, நாய். அந்தப் பக்கம் அவள் அம்மா வீட்டுக் கோழி கொக்கரிக்கிறது கேட்டது.

"லைன்ல இருக்கியா?"

"ம்."

"இப்ப உன் போனுக்கு ஒண்ணு வந்திருக்கும் பாரு. நெலம் உன் பேருக்கு மாத்தறேன். அதுல இருக்கற ஆறு நம்பர மட்டும் சட்டுனு சொல்லு. அஞ்சு நிமிஷம்தான் இருக்குது. வேற ஒண்ணும் இல்ல, அதுல படிக்க இன்னா இருக்குது?"

"இருங்க, முழுசா படிச்சுட்டுச் சொல்றேன்."